இஞ்சின் இல்லாத விமானத்துக்கு ஒரு கூலிங் கிளாஸ்

நிலைக்கண்ணாடியின் முன்னால் நின்று மூக்குக்கண்ணாடி தேர்ந்தெடுப்பவருக்குத் தன் முகம் தெரியாது. பவர் உள்ள பழையதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பவர் இல்லாத புதிய ஃபிரேமை மாட்டிக்கொண்டு, எதிரே தெரியும் மங்கலான உருண்டையைப் பார்த்து "ம், பரவால்ல" என்பார். பிறகு கூட வந்தவர் பக்கம் திரும்புவார். கூட வந்தவர் சொல்வதுதான் தீர்ப்பு. லென்ஸின் அச்சும் அளவும் உங்களுக்குக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கூட வந்தவரைப் பற்றி அங்கே பாடம் வைக்கவில்லை.

நான் தி. நகரில், பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு கடையில் கண் பரிசோதகராக இருந்தவள். ஐம்பதைத் தாண்டியதும் முழங்கால்கள் நாள் முழுவதும் நிற்க மறுத்துவிட்டதால், அவற்றின் விருப்பப்படி முன்கூட்டியே ஓய்வு பெற்றேன். என் இடத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். ஒரே ஒரு வாடிக்கையாளரைப் பற்றி எழுதுகிறேன். இந்தத் தொழிலில் சறுக்கக்கூடிய இடங்கள் எல்லாவற்றையும் அவர் ஒருவரே எங்களுக்குக் காட்டிவிட்டார்.

முதலில் முதலாளியின் அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாக் கடைகளிலும் அது இருக்கிறது. வெறும் கண்ணால் பார்த்தால் சாம்பல் நிறம். போலரைஸ்டு லென்ஸ் வழியாகப் பார்த்தால் அதில் ஒரு மீன் தோன்றும். பட்டினப்பாக்கத்திலிருந்து வந்த ஒரு படகுக்காரருக்கு முதலாளி ஒருமுறை அந்த லென்ஸைப் போட்டுக் கொடுத்தார். தண்ணீரின் பளபளப்பை வெட்டிவிட்டு உள்ளே பார்ப்பதற்கு அதைப் போல வேறில்லை. படகுக்காரர் திரும்பி வந்து, கடை நடுவே நின்று முதலாளியை வாழ்த்திவிட்டுப் போனார். அன்றிலிருந்து முதலாளிக்கு உலகில் உள்ள அனைவரும் படகுக்காரர்களாகத் தெரிந்தார்கள். "வெயில்" என்ற சொல்லை யார் உச்சரித்தாலும் அட்டை வெளியே வரும். கச்சேரிக்குப் போகும் மயிலாப்பூர் மாமிக்கும் மீன் காட்டப்பட்டது. "நாங்க அதெல்லாம் சாப்பிடறதில்ல" என்று சொல்லிவிட்டு அவர் அதே லென்ஸை வாங்கிக்கொண்டு போனார்.

இப்படிப்பட்ட கடைக்குத்தான் தனபாலன் வந்து சேர்ந்தார்.

அவருடைய குடும்பம் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து தி. நகரில் புடவைக் கடை நடத்துகிறது. ஐம்பத்தைந்து வயதுக்கு மேல், கடையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, அவர் கிளைடர் ஓட்டக் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். கிளைடர் என்பது இஞ்சின் இல்லாத விமானம். ஒரு கயிறு அதை மேலே இழுத்துவிடும். அதன் பிறகு, வெயிலில் சூடாகி மேலேறும் காற்றைத் தேடிப் பிடித்து, அதில் வட்டமடித்துக்கொண்டே மிதக்க வேண்டும். மகாராஷ்டிராவில் உள்ள ஒரு கிளப்புக்கு அதற்காகவே போய் வருவார். பிள்ளைகள் இதைத் தீர்த்த யாத்திரை என்றே உறவினர்களிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

கிளைடருக்காக அவர் முதன்முறை வந்தபோது முதலாளியே முன்னின்று விற்றார். வானத்துக்குப் போகிறவருக்குக் கடையில் இருப்பதிலேயே உச்சமானதைக் கொடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆகவே போலரைஸ்டு, அதிலேயே தூரமும் கிட்டமும் கோடு தெரியாமல் கலந்த புரோகிரெசிவ், அதற்கு முகத்தைச் சுற்றி வளைந்த தடித்த ஃபிரேம். ஒரு மனிதருக்கு ஒரே நேரத்தில் கொடுக்கக்கூடிய அனைத்தும் அதில் இருந்தன. அவர் கேட்டது மட்டும் இல்லை.

அடுத்த மாதம் தனபாலன் மனைவியோடு திரும்பி வந்தார். மனைவி பெயர் மாரீஸ்வரி.

"பாருங்கம்மா," என்று என் எதிரில் உட்கார்ந்தார் தனபாலன். "மேல ஏறுறமா எறங்குறமான்னு காட்ட ஒரு டிஜிட்டல் மீட்டர் இருக்கு. சுத்தும்போது தலையச் சாய்ப்பேன்ல, அப்ப அது செத்துப்போகுது. நிமிந்தா உசுரு வருது. நூறு மாடி உசரத்துல மீட்டர் செத்துச் செத்துப் பொழைச்சா மனுசனுக்கு எப்பிடி இருக்கும்?"

முதலாளி கல்லாவிலிருந்தே சொன்னார். "சார், அது மீட்டர்ல ரிப்பேர். நம்ம லென்ஸ் இம்போர்ட்டட்."

"தலைக்கு மேல மூடியிருக்கிற பிளாஸ்டிக்ல வேற அங்கங்க வானவில் வானவில்லா தெரியுது. ஒடையப்போகுதோன்னு பயந்துட்டேன்."

"வானவில் கூட தெரியுதா?" என்று முதலாளி மகிழ்ந்தார். அதற்கும் தனியாக விலை சொல்லியிருக்கலாமே என்று அவர் நினைத்திருந்தால் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

விவாதிப்பதில் பயனில்லை. தனபாலனின் கண்ணாடியை முதலாளியின் மூக்கில் மாட்டி, அவருடைய கைபேசியையே அவர் கையில் கொடுத்து, மெதுவாகத் திருப்பச் சொன்னேன். அதன் திரையில் வடபழனி முருகன் படம் இருந்தது. போன் சாயச் சாய முருகன் கொஞ்சம் கொஞ்சமாக இருண்டு, கடைசியில் மயிலோடு மறைந்துபோனார். முதலாளி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு, "இவருக்கு என்ன வேணுமோ நீயே பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தண்ணீரின் பளபளப்பை வெட்டும் அதே லென்ஸ்தான் கருவியின் திரை வெளிச்சத்தையும் வெட்டுகிறது. பிளாஸ்டிக் மூடியில் வானவில் காட்டுவதும் அதுதான். தூரத்தில் இன்னொரு விமானத்தின் இறக்கையில் சட்டென்று மின்னும் வெயிலையும் அது வெட்டிவிடலாம். அந்த மின்னலைப் பார்த்துத்தான் வானத்தில் ஒருவருக்கொருவர் விலகிப் போகிறார்கள். போலரைஸ்டு வேண்டாம் என்று முடிவாயிற்று. வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸும் சரிவராது. அந்த பிளாஸ்டிக் மூடிக்குள் அது போதிய அளவு கறுக்காமல் ஏமாற்றக்கூடும். சாதாரண நிறம் ஏற்றிய லென்ஸ் போதும். மிகவும் கறுப்பாக இருக்கக்கூடாது, மேக நிழலில் போகும்போதும் கண் தெரிய வேண்டும்.

நிறத்தைத் தனபாலனே தேர்ந்தெடுத்தார். மாதிரித் துண்டுகளை அள்ளிக்கொண்டு நடைபாதைக்குப் போய்விட்டார். "டியூப் லைட்டுல பாத்து எந்தக் கலரையும் நம்பக்கூடாதும்மா. நாங்களே அந்த லைட்டுலதான் விக்கிறோம்" என்றார். வெயிலில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, சாம்பலும் பழுப்பும் கலந்த ஒரு மிதமான நிறத்தோடு திரும்பி வந்தார். நான் எடுத்து வைத்திருந்ததும் அதுவேதான். ஆனால் புடவைக் கடைக்காரரிடம் அதைச் சொல்லாமல் இருப்பது நல்லது. தானே கண்டுபிடித்த நிறத்தைத்தான் அவர் போட்டுக்கொள்வார்.

அப்போதுதான் உண்மையான விஷயத்தைச் சொன்னார். புரோகிரெசிவ் லென்ஸ் வழியாக ஓடுபாதை கலங்கலாகத் தெரிகிறது. இரண்டு முறை தரையை மோசமாகத் தொட்டிருக்கிறார். பின்னால் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர், அடுத்த முறை கண்ணைச் சரிசெய்துகொண்டு வந்தால்தான் தனியாக அனுப்புவேன், இல்லையென்றால் மூட்டை கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

"தனியாப் போறதுக்குத்தாம்மா இத்தன நாளும்," என்றார் தனபாலன். "இது சரியா வரலன்னா விட்டுர்றதுன்னு இவகிட்டயும் வாக்கு குடுத்துட்டேன்."

மாரீஸ்வரி சுவரில் இருந்த விளம்பரப் படத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பைஃபோகல் போட்டுடலாம் சார்," என்றேன். "மேல தூரம், கீழ மீட்டர். நடுவுல கலங்கல் இருக்காது."

"கோடு தெரியுமே?"

"தெரியும்."

"கெழவன்னு நினைப்பாங்களேம்மா. அங்க எல்லாம் சின்னப் பயலுக."

இஞ்சின் இல்லாத விமானத்தில் ஏறிக் கயிற்றை அறுத்துக்கொள்ளத் தயங்காதவர், லென்ஸில் ஒரு கோட்டுக்குப் பயந்தார். இதைப் பார்த்து நீங்கள் சிரிக்கக்கூடாது. நானும் சிரிக்கவில்லை. "கூலிங் கிளாஸ்ல அவ்வளவா தெரியாது சார்" என்றேன். அது பாதி உண்மை. நம் தொழிலில் அது நல்ல விகிதம்.

அளவெடுக்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நாம் எல்லோருக்கும் நிமிர்ந்து உட்கார வைத்துத்தான் அளவெடுக்கிறோம். "விமானத்துல எப்படி உக்காருவீங்க சார்?" என்று கேட்டேன்.

"எங்க உக்காருறது? பாதி படுத்த மாதிரிதான். காலு ரெண்டும் நீட்டி இருக்கும்."

பாதி படுத்திருப்பவருக்குத் தலை பின்னால் சாயும். நேர் எதிரே உள்ளதை அவர் லென்ஸின் கீழ்ப்பகுதி வழியாகத்தான் பார்ப்பார். கடை நாற்காலியில் உட்கார வைத்துக் கோடு குறித்தால், மீட்டருக்கான துண்டு ஓடுபாதையின் மேலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். புரோகிரெசிவ் கலங்கியதும் பெரும்பாலும் இதனால்தான். லென்ஸை ஈக்காட்டுத்தாங்கலில் உள்ள பட்டறை அன்றே தேய்க்கத் தொடங்கினால்தான் அவர் மறுபடி கிளப்புக்குப் புறப்படுவதற்குள் கைக்கு வரும். தப்பினால் மறுபடி தேய்க்க நாள் இல்லை. கடையில் இருந்ததோ நிமிர்ந்த நாற்காலிகள் மட்டுமே. சாய்கிற நாற்காலி பக்கத்துக் கடையில் இருந்தது. அது சலூன்.

சலூன்காரர் மூர்த்தி, நாங்கள் மூவரும் வரிசையாக உள்ளே நுழைவதைப் பார்த்துக் கத்தரிக்கோலை நிறுத்தினார். "இன்னா மேடம், ஃபேமிலி பேக்கேஜா?"

"நாற்காலிய வாசல் பக்கம் திருப்பி, பின்னால சாய்ச்சுக் குடுங்க மூர்த்தி. சாருக்கு அளவெடுக்கணும்."

"ஷேவிங்குக்கா?"

"விமானத்துக்கு."

மூர்த்தி நாற்காலியைத் திருப்பினார். தனபாலன் அதில் சாய்ந்து, கால்களை நீட்டி, கண்களைச் சற்று மூடித் திறந்து, முழங்கால்களுக்கு நடுவே, அங்கே இல்லாத விமானத் தடியைப் பிடித்துக்கொண்டார். முகமே மாறிவிட்டது. தெருவுக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்த பாத்திரக் கடையின் பெயர்ப்பலகைதான் ஓடுபாதை என்று சொன்னேன். மூர்த்தியிடம் ஒரு பவுடர் டப்பாவைக் கொடுத்து, அவர் முழங்காலுக்கு மேலே மீட்டர் இருக்கும் தூரத்தில் பிடிக்கச் சொன்னேன்.

"இதான் மீட்டரா?" என்றார் மூர்த்தி. "ஆட்டோ மீட்டராட்டம் சூடு வைக்காததா கீதா பாத்துக்க மேடம்."

"ஆடாமப் புடிங்க."

"சார், இது எங்க போவும்?"

"காத்து எங்க தூக்குதோ அங்க," என்றார் தனபாலன், பெயர்ப்பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இஞ்சின்?"

"கெடையாது."

"நைனா! என் ஆட்டோல இஞ்சின் கீது, அதுவே கெளம்ப மாட்டேங்குது. நீ இன்னாடான்னா இஞ்சினே இல்லாம மேல போய்க்கினு கீற!"

ஷேவிங் சோப்பு நுரையோடு அடுத்த நாற்காலியில் காத்திருந்தவர், தன் முறை வருமா என்று கேட்டார். விமானம் தரையிறங்கியதும் வரும் என்று மூர்த்தி சொன்னார். நான் மாதிரி லென்ஸில் டேப் ஒட்டி, பெயர்ப்பலகை முழுதும் தெரிகிற வரைக்கும் டேப்பைக் கீழே கீழே இறக்கி, டப்பாவில் உள்ள எழுத்தும் தெரிகிற இடத்தில் கோடு போட்டேன். கடையில் போட்டிருந்தால் வந்திருக்கும் கோட்டை விட அது நன்றாகவே கீழே இருந்தது. கோட்டுக்குக் கீழே புத்தகம் படிக்கிற பவர் இல்லை, கை நீட்டினால் எட்டும் தூரத்துக்கான பவர். இரண்டையும் எழுதிக்கொண்டேன். மனிதர் எந்த நிலையில் வேலை செய்கிறாரோ அந்த நிலையில் வைத்து அளந்துவிட்டால், மற்றதெல்லாம் வெறும் கணக்குதான்.

கடைக்குத் திரும்பியபின் ஃபிரேம் மட்டும் பாக்கி. தனபாலன் தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிலைக்கண்ணாடியின் முன்னால் நின்றார். அதாவது, ஒன்றும் தெரியாமல் நின்றார். நான் மெல்லிய உலோகக் கம்பி வைத்த ஃபிரேம் ஒன்றைக் கொடுத்தேன்.

"ஏங்க, வேண்டாங்க. நோஞ்சான் மாதிரி காட்டுது," என்றார் மாரீஸ்வரி. அவரே தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கணவருக்கு மாட்டிவிட்டார். இருப்பதிலேயே தடித்தது. காதுக்குப் போகும் பக்கப் பட்டை கடிகார வார் அகலத்துக்கு இருந்தது. "இதுதான் எடுப்பா இருக்கு. கலெக்டர் மாதிரி இருக்கீக."

"அப்பிடியா?" என்றார் கலெக்டர், மங்கலான உருண்டையைப் பார்த்து.

தனபாலன் முதலாளியிடம் பேச உள்ளே போனபோது மாரீஸ்வரி என் பக்கம் குனிந்தார். "ஏம்மா, அவுக கண்ணு சரியில்ல, இதுக்கெல்லாம் தாங்காதுன்னு சொல்லிருங்களேன். படிச்சவுக சொன்னாக் கேப்பாக."

"அவர் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருக்கப்பவே சொல்லிருங்கன்னுதான் சொல்றேன்."

"பொய் சொல்ல முடியாதும்மா."

"அப்பக் கண்ணாடியாவது கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கட்டும். வாத்தியார் வேண்டான்னு சொல்லிருவார்ல. வீட்டுல இருப்பாக." குரல் தணிந்துவிட்டது. "போன தடவ எறங்கும்போது தூக்கிப் போட்டுச்சாம். சிரிச்சுக்கிட்டே சொல்றாக. எனக்கு அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல."

அவர் தடித்ததை எடுத்த காரணம் புரிந்தது: கண்ணாடி சரிவரக்கூடாது. உங்களில் யாராக இருந்தாலும் இந்த இடத்தில் இரண்டில் ஒன்றைச் செய்யத் தோன்றும். கணவரிடம் போய்ச் சொல்லலாம். அப்படிச் செய்தால் அந்த வீட்டில் அன்று மாலை நடக்கும் சண்டையை விலக்க நாம் இருக்கப் போவதில்லை. அல்லது வாடிக்கையாளர் விருப்பம் என்று பில் போட்டுவிடலாம். முதலாளி அதைத்தான் சேவை என்பார். நான் அந்தத் தடித்த ஃபிரேமை மாரீஸ்வரியின் முகத்திலேயே மாட்டி, கடை வாசலுக்கு அழைத்துப் போய் நிற்க வைத்தேன்.

"நேரா அந்தப் பாத்திரக் கடையவே பாருங்க. தலையத் திருப்பாதீங்க. பக்கத்துல ஏதாவது வந்தா உடனே சொல்லுங்க."

"சரி."

பாண்டி பஜார்ச் சந்தில் ஏதாவது வருவதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தண்ணீர் கேன் ஏற்றிய ஒரு மூன்று சக்கர வண்டி இடப்பக்கமிருந்து ஓசையின்றி உருண்டு வந்தது. மாரீஸ்வரி ஒன்றும் சொல்லவில்லை. வண்டி அவர் முழங்கையை உரசுகிற தூரத்துக்கு வந்து, "ஓரம் போக்கா!" என்ற பிறகுதான் துள்ளி விலகினார்.

"எங்கிட்டிருந்து வந்தான் இவன்?"

"பக்கத்துலேர்ந்துதான். பட்டை மறைச்சிடுச்சு," என்றேன். "இதப் போட்டா அவர் பறக்கிறத நிறுத்துவாரான்னு எனக்குத் தெரியாது. நிறுத்தலன்னா இதப் போட்டுக்கிட்டுதான் பறப்பாரு. மேலயும் பக்கத்துல இன்னொருத்தர் சுத்திக்கிட்டு இருப்பாங்க."

மாரீஸ்வரி ஃபிரேமைக் கழற்றினார். தண்ணீர் வண்டி மூலை திரும்பும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய்த் தடித்ததைத் தட்டின் அடியில் தள்ளிவிட்டு, மெல்லிய கம்பி வைத்ததை எடுத்துக் கணவரிடம் நீட்டினார்.

"நோஞ்சான் மாதிரி இருக்குன்னியே?" என்றார் தனபாலன்.

"இருந்துட்டுப் போகட்டும். இதையே போடுங்க."

கண்ணாடி சொன்ன நாளில் வந்தது. அவரும் புறப்பட்டுப் போனார். சில வாரங்கள் ஒரு செய்தியும் இல்லை. நம் தொழிலில் செய்தி இல்லை என்றால் எல்லாம் சரி என்று பொருள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அப்படி எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. போன் செய்யவும் தைரியமில்லை.

ஒரு நாள் முற்பகலில் மாரீஸ்வரி தனியாகக் கடைக்கு வந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு, "நல்லா இருக்காக, நல்லா இருக்காக" என்று கையை ஆட்டினார். "தனியா விட்டுட்டாக. இந்த வாட்டி நானும் கூடப் போயிருந்தேன்."

"பாத்தீங்களா? எப்படி இருந்துச்சு?"

"எங்க பாத்தேம்மா!" என்று நாற்காலியில் சாய்ந்தார். "கயிறு கட்டி இழுத்தாக, ஏறுச்சு, கொஞ்ச நேரத்துல காணும். அங்க இருந்த பிள்ளைக எல்லாம், 'ஆன்ட்டி, அதோ அங்கிள், அதோ அங்கிள்'னு மேல கைய காட்டுதுக. எனக்கு வெறும் வானந்தான் தெரியுது. பெறகு சின்னதா ஒண்ணு சுத்திச்சு. சரி, இவுகதான்னு விடாமக் கையாட்டுனேன். கை கடுத்துப் போச்சு. கடைசில பாத்தா, அது நேரா வந்து தண்ணித் தொட்டி மேல உக்காருது."

"என்னது?"

"பருந்தும்மா. பருந்துக்கு டாட்டா காட்டிருக்கேன். இவுக எப்பவோ எறங்கி வந்து எனக்குப் பின்னாடி நிக்காக. 'யாரு அது, தெரிஞ்சவுகளா'ன்னு கேக்காக."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆனால் கண் கலங்கியிருந்தது. எதிரே உட்கார வைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன். பாதிக்கு மேல் வரவில்லை. கணவர், பிள்ளைகள், மருமகள்கள் எல்லோருக்கும் ஃபிரேம் தேர்ந்தெடுக்க அவர் பல வருடங்களாக இந்தக் கடைக்கு வந்துகொண்டிருக்கிறார். எங்களில் ஒருவரும் அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்ததில்லை. கூட வந்தவருக்கும் கண் உண்டு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சோதனைச் சட்டத்தில் லென்ஸ்களைப் போட்டு, வாசலுக்கு அழைத்துப் போய் மேலே பார்க்கச் சொன்னேன். கேபிள் வயர்கள், மொட்டை மாடியில் காயும் துணி, அதற்கும் மேலே மீனம்பாக்கத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த ஒரு விமானம். அதன் ஜன்னல் வரிசை கூடத் தெரிகிறது என்றார். வெகு நேரம் அண்ணாந்தே நின்றார்.

"இதுல அவுக எறங்குறது தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

"ஏறுறது?"

"அதுவும் தெரியும்மா."

"ஏறுறது தெரிய வேண்டாம். எறங்குறது மட்டும் தெரியுற மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க."

அப்படி ஒரு லென்ஸ் நம்மிடம் இல்லை. நீங்கள் எல்லாம் இளையவர்கள், என்றாவது ஒன்றைச் செய்தாலும் செய்வீர்கள். செய்தால் முதல் ஆர்டர் அவருடையது.